நாற்பத்தொன்றாவது பாஸ்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் முழு வாக்கியம் பேசவில்லை. 'ம்', 'சரி', 'சாப்பாடு வச்சிருக்கு' என்பதோடு ஐந்து நாட்கள் ஓடிவிட்டன.

சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா கொளஞ்சிநாதன் ஜூலையில் ரிட்டயர் ஆகிறார். பதினாறாம் பிளாக்கில் இருபத்திரண்டு வருடமாக இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். 'அதுக்குள்ள செல்வத்துக்குப் பர்மனென்ட் ஆயிடும். அவன் பேருலயே ஒரு குவார்ட்டர்ஸ் கெடச்சிடும்' என்று சாப்பிடும்போது அவர் சொன்னார். ஒன்பது வருடமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருக்கும் அவர் மகன் செல்வகுமார், பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான் நடந்தது. ஏன் எழுந்தான் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மே மாதத்தின் கடைசி நாள். சத்யப்பிரியா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து நின்றார்.

"ஏம்மா சத்யா, ஒங்கண்ணன் பேரு செவப்பு எழுத்துல நிக்குதாமே? டைம் ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்களாம். அவன்கூட வேலை செய்யிறவன் போன் பண்ணிச் சொன்னான்."

"பாஸ் புதுப்பிக்கிற லிஸ்டாப்பா?"

"வேற எந்த லிஸ்ட்டு? இன்னைக்கு அஞ்சு மணியோட முடியிது. ஒரு நாள் வுட்டுப்போனாலும் பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு ஏறாதுன்னு காண்ட்ராக்டரு கறாரா சொல்லிட்டாரு. அந்தக் கம்ப்யூட்டரு ஒங்க ஆபீஸுதான? நீ அங்க என்னாதான் பண்ணிகினு இருக்க?"

"போய்ப் பாக்குறேன்ப்பா" என்றாள்.

உள்ளறையில் செல்வகுமார் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குப்புறப் படுத்திருந்தான். அண்ணி பிரபாவதி, வெயில் அவன் மேல் விழாதபடி ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். சத்யா எட்டிப் பார்த்ததைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். அம்மா ராஜாம்பாள், சத்யாவின் அக்கா பிரசவத்துக்காகக் கடலூருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் சத்தம் போடுவதற்கே ஆள் இல்லை.

*

சத்யா வேலை செய்த இடம், சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவு. கணினிப் பிரிவு என்றால் இரண்டு மேஜை, ஒரு சர்வர், கோபாலகிருஷ்ணன் சார், அவள். அவளுடைய வேலையும் காண்ட்ராக்ட்தான். ஜூன் கடைசியில் முடிகிறது.

அந்த ஒரே சர்வரில், ஜாவாவில் எழுதிய இரண்டு செயலிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பயிற்சிக்கானது. தொழிலாளி பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்தாரா, மருத்துவப் பரிசோதனை ஆயிற்றா என்பதை அது பார்த்துக்கொள்ளும். மற்றொன்று, சுரங்கத்துக்குள் நுழைவதற்கான பாஸ் கொடுப்பது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பேச்சு கிடையாது. சர்வரின் வழக்கம் அப்படி. ஒரு செயலியின் உள்ளே இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது.

அடுத்தடுத்த இரண்டு குவார்ட்டர்ஸ் மாதிரி என்று சத்யா நினைத்துக்கொள்வாள். நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் தெருவில் இறங்கி, அவர்கள் கேட்டைத் திறந்துகொண்டுதான் போக வேண்டும்.

பல வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பயிற்சிப் பக்கத்தில் ஒரு ஆளின் வேலை முடிந்ததும், வருகைப் பதிவு பார்க்கும் டைம் கீப்பர் அதை விட்டு வெளியே வந்து, பாஸ் பக்கத்தைத் திறந்து, மறுபடி பாஸ்வேர்டு போட்டு, மறுபடி எல்லாவற்றையும் அடிப்பார். அதை மாற்றியவள் சத்யா. சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து இரண்டு செயலிகளுக்கும் நடுவில் அனுமதி வாங்கினாள். பயிற்சிச் செயலிக்கு வரும் கோரிக்கையை, சர்வருக்கு உள்ளேயே வைத்துப் பாஸ் செயலிக்குக் கைமாற்றிவிடும்படி எழுதினாள். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்த மாதிரி. அழுத்தியவருக்கு வீடு மாறியதே தெரியாது.

"கதவு வேண்டாம், சத்யா" என்று அப்போதே சொன்னார் கோபாலகிருஷ்ணன். "வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கம் போன்னு பிரவுசருக்கே சொல்லிரு. தெரு வழியாவே போகட்டும். எங்க நிக்கிறோம்னு மேல அட்ரஸ்ல தெரியும்."

"அப்படிப் போனா மறுபடி லாகின் கேக்கும் சார். பாவம், அவங்களுக்கு ரெண்டு வேலை."

"ம்ம். சரி. நீ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னும் மத்தவங்க மேல பாவம் வருது."

பதினைந்து நாளுக்கு முன்னால்தான் கதவு திறந்தது. சத்யா அன்று தனக்குத் தானே கேன்டீனில் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

இன்று திரையில் அறுநூற்றுச் சொச்சம் பெயர்களில் நாற்பத்தொன்று சிவப்பில் நின்றன. மற்றவை எல்லாம் பச்சை. நாற்பத்தொன்றும் டைம் ஆபீஸின் மூன்றாம் கூண்டில் பதிவானவர்கள். அந்தக் கூண்டின் டைம் கீப்பர் நல்லசாமி.

*

டைம் ஆபீஸுக்கு அவள் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கத்திரி முடிந்துவிட்டதாக நாட்காட்டிதான் சொன்னது. தகரக் கூரையின் நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்திருந்தது. அதில் முதுகை ஒட்டிக்கொண்டு முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். யாரும் கத்தவில்லை, கத்துகிற தெம்பில் யாரும் இல்லை. அவள் பையில் இருந்த மொழிபெயர்ப்பு நாவலில், ஒரு ரயில் நிலையத்தில் ஒருத்தி எட்டுப் பக்கமாகப் பனியில் காத்துக்கொண்டிருந்தாள். காத்திருப்பதில் குளிரும் வெயிலும் ஒன்றுதான் போல என்று சத்யாவுக்குத் தோன்றியது.

"வாம்மா" என்றார் நல்லசாமி, கூண்டின் கம்பிக்குப் பின்னாலிருந்து. "காலைலேர்ந்து எல்லாரும் என்னையே திட்டிகினு இருக்காங்க. நான் இன்னாத்தப் பண்ணேன்?"

"ஒரு பேரு போட்டுக் காமிங்க, அண்ணே. நீங்க வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே."

ஒரு பழைய பெயரை எடுத்தார். ஒற்றை விரலால் எண்ணை அடித்தார். 'அனுப்பு' என்பதை அழுத்தினார். திரை வெள்ளையானது. லைன் மெதுவு. நான்கு நொடி, ஐந்து நொடி. நல்லசாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு மறுபடியும் பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். 'மீண்டும் அனுப்பவா' என்று கேட்டது. 'சரி' என்றார்.

சத்யா கம்பியை ஒட்டி வந்து குனிந்தாள்.

"ஏண்ணே ரெண்டு தடவை?"

"போவலியேம்மா. மேல பாரு. அட்ரஸு இன்னும் பயிற்சின்னேதான் நிக்குது. முன்னல்லாம் பாஸு பக்கம் போனா பாஸுன்னு மாறும். இது மாறவே மாட்டேங்குது."

"அது மாறாதுண்ணே. ஆனா உள்ள போயிருக்கும்."

"உள்ள போனது எனக்கு எப்பிடித் தெரியும்?" அவர் கோபிக்கவில்லை. "அதுவும் இல்லாம, இந்தக் கூண்டுல பழைய கார்டு மெஷின் ஒண்ணு இருந்துது. மொத குத்து எப்பவும் விழாது. ரெண்டாவது குத்துதான் விழும். இருவது வருஷம் ரெண்டு ரெண்டாக் குத்துன கை. ஒண்ணோட நிக்க மாட்டேங்குது."

பக்கத்துக் கூண்டுகளில் இருந்தவர்கள் இளம் வயதுக்காரர்கள். ஒருமுறை அழுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். திரை வருகிறபோது வரட்டும் என்று. அவர்களுடைய பெயர்கள் எல்லாம் பச்சையாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

நல்லசாமி அழுத்திய ஒவ்வொரு பெயரும் அவள் வைத்த கதவு வழியாக இரண்டு தடவை போயிருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பாஸ் கேட்கிறார்கள், ஏதோ ஆள்மாறாட்டம் என்று பாஸ் செயலி இரண்டையும் நிறுத்திவைத்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

"என் மேல எழுதிடாதம்மா" என்றார் நல்லசாமி மெதுவாக. "எனக்கும் காண்ட்ராக்டுதான்."

*

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டரை. கோபாலகிருஷ்ணன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

செல்வகுமாரின் வரிசையை மட்டும் தேடி, 'நிறுத்தம்' என்பதை 'செல்லும்' என்று மாற்றிவிட ஒரு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. மற்ற நாற்பது பேருக்கு ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு கடிதம் போகும். பழி நல்லசாமியின் மேல் விழும். கணினி தெரியாத பெரியவர் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

விரல் விசைப்பலகையில் இருந்தது. அந்த ஒரு முழ நிழல் கண்ணுக்குள் வந்தது. யாருடைய முகமும் ஞாபகம் வரவில்லை, நிழல் மட்டும்.

"சார்" என்றாள். "நாற்பத்தொண்ணும் என் தப்பு."

அவர் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"நான் அப்பவே தெரு வழியா அனுப்புன்னேன்."

"ஆமா சார்."

"நம்ம கம்பெனி சேர்மன்கிட்ட எழுதிக் கொடுக்கணும். கையெழுத்து இல்லாம தரவைத் திறக்க விடமாட்டாரு. உன் பேரைப் போட்டுத்தான் எழுதணும். டைம் கீப்பர் பேரு வராது."

"போடுங்க சார்."

"ஜூன்ல உன் காண்ட்ராக்ட் முடியுது இல்லையா?"

"ஆமா சார்."

"ம்ம்" என்றார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "நல்ல நேரம் பார்த்து உண்மை சொல்ற."

இரண்டு மணிக்குச் சேர்மனின் கையெழுத்து வந்தது. சத்யா முதலில் கதவை அடைத்தாள். வேலை முடிந்ததும் பிரவுசரையே பாஸ் பக்கத்துக்குப் போகச் சொல்லும்படி மாற்றினாள். பிறகு, ஒரு நிமிட இடைவெளிக்குள் இரண்டு தடவை வந்த கோரிக்கைகளை மட்டும் தேடி எடுத்து, இரண்டாவதை நீக்கிவிட்டு, முதலாவதைச் செல்லுபடியாக்கினாள். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று.

நாற்பது.

மறுபடி ஓடவிட்டாள். நாற்பதுதான். ஒன்று சிவப்பாகவே நின்றது. கொ. செல்வகுமார்.

"என்ன?" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"ஒண்ணு மாறல சார்."

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இது ரெண்டு தடவை வந்ததே இல்ல, சத்யா. மூணாம் கூண்டு ஆளுங்கிறதால நீ சேத்து எண்ணிட்ட. ஒரே தடவைதான் வந்திருக்கு. கூண்டுலருந்தும் வரலை. வெளியிலிருந்து வந்திருக்கு. இது நிறுத்தம் இல்ல. விலகல்."

தொழிலாளிகள் தங்கள் விவரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள, பாஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் திறக்கும் ஒரு பக்கம் பயிற்சிச் செயலியில் உண்டு. அதன் அடியில், யாரும் தொடாத ஒரு கட்டம். 'புதுப்பிக்க விருப்பமில்லை.' அதில் டிக் போட்டு அனுப்பியிருந்தார்கள். போன வாரம் வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது.

போன வியாழன் செல்வகுமாருக்கு முதல் ஷிப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு வரை சுரங்கத்துக்குள் இருந்திருக்கிறான்.

கதவு வழியாகக் கைமாறி வந்த கோரிக்கையானாலும், அது புறப்பட்ட இணைப்பின் எண் பாஸ் செயலியின் குறிப்பேட்டில் அப்படியே இருந்தது. அந்த எண்ணைச் சத்யா முன்பே பார்த்திருக்கிறாள். புதன்கிழமை மாலை அவளே வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைந்தபோது பதிவானதும் அதே எண்தான். அவர்கள் வீட்டு பிராட்பேண்ட்.

"யாரு இது?" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"எங்க அண்ணன் சார்."

அவர் பிரிண்டரை ஓடவிட்டார். "விலகலை நாம மாத்த முடியாது. அவரே அஞ்சு மணிக்குள்ள டைம் ஆபீஸ் போய் எழுதிக் கொடுத்தா ரத்து ஆகும். இந்தா" என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். "ஒரு கையெழுத்துதான். நீ கிளம்பு."

*

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. பிரபாவதி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பழைய கணினி மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி நின்றது.

சத்யா தாளை அவள் முன்னால் வைத்தாள். "போன வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு இந்த வீட்டுல நீங்க மட்டும்தான் இருந்தீங்க, அண்ணி."

பிரபாவதி மடித்த துண்டை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"ஆமா. நான்தான் போட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அண்ணி!" சத்தம் வந்துவிட்டது. உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன்பது வருஷம். இந்த வருஷம் பர்மனென்ட்டு. அப்பா எத்தனை பேர்கிட்ட சொல்லி வச்சிருக்காரு தெரியுமா? நான் இன்னைக்கு அண்ணனையும் சேத்து நாப்பத்தொரு பேருக்காக என் வேலையையே…"

"நாப்பது பேருக்கு ஆச்சு இல்ல?"

"ஆச்சு."

"அப்ப நீ வீணா ஒண்ணும் செய்யல." பிரபாவதியின் குரலில் கேலி இல்லை. "போன மாசம் ஒருநா, பல்லு தேய்ச்சிகினே தூங்கிட்டாரு ஒங்கண்ணன். நின்னுகினே. வாயெல்லாம் நுரை. தொட்டு எழுப்புனா 'சுரங்கத்துல பெல்ட்டு ஓடுதா?'ன்னு கேக்குறாரு. நான் சிரிச்சேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போயி அழுதேன்."

சத்யா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல, சத்யா படிப்பு முடியற வரைக்கும்னாரு. அப்புறம் மாமா ரிட்டயர் ஆவுற வரைக்கும்னாரு. இப்ப பர்மனென்ட் ஆவுற வரைக்கும். ஆயிட்டா? அறுவது வயசு வரைக்கும். என்கிட்ட சொன்னாரு சத்யா. 'எனக்கு முடியல பிரபா'ன்னு. மூணு தடவ சொன்னாரு. மாமாகிட்ட சொல்லுங்கன்னா தலையக் குனிஞ்சிக்கிறாரு. ஒருத்தருக்கு வாயே வரலன்னா என்னா பண்றது? நான் அனுப்பிட்டேன்."

"அதை அண்ணன்தான் அனுப்பணும், அண்ணி. நீங்க இல்ல."

பிரபாவதி கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் முறையாக அவள் முகம் உடைந்தது. "தெரியும். அன்னையிலேர்ந்து எனக்கும் சோறு எறங்கல."

"வேலைய விட்டுட்டு என்ன செய்வாரு?"

"தெரியல. மொதல்ல தூங்கட்டும்."

உள்ளறைக் கதவு கிறீச்சிட்டது. செல்வகுமார் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் தலையணையின் மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவன் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கும் என்று சத்யா எதிர்பார்த்தாள். அதைத் தேடினாள், கிடைக்கவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கி நின்ற சுமையை யாரோ பின்னாலிருந்து ஒரு கை கொடுத்துத் தூக்கினால் ஆள் திரும்பிப் பார்ப்பானே, அந்த மாதிரி இருந்தது அது.

"அஞ்சு மணி வரைக்குமா, பாப்பா?"

"ஆமாண்ணா. இப்ப நாலு இருவது. வண்டியில போனா பதினஞ்சு நிமிஷம். ஒரே ஒரு கையெழுத்து. வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் தாளை வாங்கினான். முழுதாகப் படித்தான். தன் பெயர் அச்சில் இருந்த இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டான்.

"போடலன்னா?"

"என்னது?"

"கையெழுத்து போடலன்னா நான் என்ன பண்ணணும்? வேற எங்கயாச்சும் போய்ச் சொல்லணுமா?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அஞ்சு மணிக்கு அதுவே மூடிக்கும்."

"ஓ" என்றான் செல்வகுமார்.

சத்யா ஸ்கூட்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து ஆயிற்று. அவன் தாளை நான்காக மடித்தான். கிழிக்கப் போகிறானோ என்று நினைத்தாள். கிழிக்கவில்லை. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"டீ இருக்கா, பிரபா?"

பிரபாவதி அவனையே பார்த்தாள். பிறகு துணிகளை அப்படியே விட்டுவிட்டு, ஓடாத குறையாகச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் வைக்கும் சத்தம், ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்டது. வழக்கமாக அவன் டீயை நின்றபடியே இரண்டு வாயில் குடித்துவிட்டு ஓடுவான். இன்று டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஊதினான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் பிரேக் சத்தம் கேட்டது. நாலு முப்பத்தெட்டு. கொளஞ்சிநாதனின் செருப்புச் சத்தம் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வலது கால் கொஞ்சம் இழுத்தபடி வரும். கேட் திறக்கும் முன்பே அவர் குரல் வந்துவிட்டது.

"சத்யா! பாஸு வந்துடுச்சாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். செல்வகுமார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீ பேசாத, பாப்பா" என்றான். "நானே சொல்றேன்."